பீரோவில் பழுத்த பேரிக்காய்

தன் மரம் அந்த வருடமும் காய்க்காமல் போனால் நன்றாக இருக்கும் என்று பல்லுக்காரர் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். எட்டு வருடம் கண்ணும் கருத்துமாக வளர்த்த மரம். மரத்துக்கு அவர் மனசு தெரியுமா? போன வருடம் வரை இலையை மட்டும் காட்டி ஏமாற்றிக்கொண்டிருந்தது, இந்த வருடம் கிளைக்குக் கிளை வெள்ளையாகப் பூத்துத் தள்ளியது. பூவெல்லாம் உதிர்ந்த பிறகு பதினோரு காய் நின்றது. அவை பருக்கப் பருக்க அவருக்குப் பயம் கூடியது.

காரணம் அவருக்கு மட்டும்தான் தெரியும். பதினான்கு மாதமாக அவருக்கு எந்த வாசனையும் தெரியவில்லை.

அவருடைய தொழில் பல் செட் செய்வது. பத்தொன்பது வயதில் பிளாஸ்டர் கரைக்க உட்கார்ந்தவர், ஐம்பத்து நான்கு வயதிலும் அதே மாதிரி ஒரு மேஜை முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு பல் மருத்துவமனையின் பின்புறம், இரண்டாவது மாடியில் ஓர் அறை. நாலு மேஜை, ஒரு ஜன்னல், எங்கே கை வைத்தாலும் வெள்ளைத் தூசி. வாயின் அச்சு வரும், மெழுகில் ஈறு செய்வார், பல்லை ஒவ்வொன்றாகப் பதிப்பார். யாருடைய வாயையும் அவர் நேரில் பார்ப்பதில்லை. ஆனால் தெருவில் யாராவது சிரித்தால் அது தன் கைவேலையா என்று தெரிந்துவிடும். பிழைப்பு சிரிப்பில்தான் நடக்கிறது, ஆனால் அவர் அதிகம் சிரிக்கிறவர் இல்லை.

பேரிக்காய் ஆசையும் அந்த மேஜையில்தான் பிறந்தது. செட் போட்டவர்கள் திரும்பி வந்து சொல்கிற புகார் எப்போதும் ஒன்றுதான்: எல்லாம் சாப்பிட முடிகிறது, பழத்தைக் கடிக்க முடியவில்லை. அவர் வீட்டுக்குப் பின்னால் இரண்டு பேரி மரங்கள் இருந்தன. ஒன்று உருண்டைக் காய். நறுக்கென்று இருக்கும், ஆனால் செட் பல் அதில் மாட்டினால் பல்தான் கழன்று வரும். இன்னொன்று கழுத்து நீண்டது. பழுத்தால் வெண்ணெய், கடிக்கும் முன்பே முழங்கை வரை ஒழுகும். இரண்டையும் சேர்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. நறுக்கென்றும் இருக்க வேண்டும், பல்லுக்கு வளைந்தும் கொடுக்க வேண்டும்.

மெழுகு தடவுகிற மெல்லிய பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். உருண்டைக் காய் மரத்தின் பூந்தூளை நீளக்காய் மரத்தின் பூவில் தடவி, பூச்சி வராமல் இருக்க அந்தப் பூக்களுக்கு முகக்கவசத் துணியைக் கட்டினார். கிடைத்த விதைகளில் ஏழு முளைத்தன, ஒன்று பிழைத்தது. அதன் குச்சியை வெட்டி வேறொரு வேரில் ஒட்டுக் கட்டினார். அந்தக் குச்சிதான் இந்த மரம். உலகத்தில் இந்தக் காயை யாரும் இதற்கு முன் தின்றதில்லை. முன்பெல்லாம் அதை நினைத்தால் நெஞ்சு நிமிரும். இப்போது அதை நினைக்கவே பயந்தார்.

மூக்கு போனதை அவர் மேஜையில் வைத்துத்தான் கண்டுபிடித்தார். ஈறுக்கான பொடியைக் குழைக்க ஒரு திரவம் உண்டு. மூடியைத் திறந்தால் மூக்கைப் பொசுக்கும். பக்கத்து மேஜையில் பாலிஷ் போடுகிற பெண் ஒருநாள் எழுந்து நின்று கத்தினாள்.

"அண்ணே, பாட்டிலை மூடுங்கண்ணே! தலை சுத்துது. அப்போலேர்ந்து திறந்து கிடக்கு, எப்படித்தான் உக்காந்திருக்கீங்களோ!"

மூடினார். பிறகு யாரும் பார்க்காதபோது திறந்து மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றும் இல்லை. தண்ணீர்.

இது அவருக்குப் புதிது இல்லை. அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. மூன்று வருடம் முன்பு இவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அண்ணன் சொன்னார்: "டேய், எனக்கு வாசனையே தெரிய மாட்டேங்குதுடா. அடுப்புல பால் கருகிக் கிடந்திருக்கு, நான் பேப்பர் படிச்சுட்டிருக்கேன்." இவர், "நல்லதாப் போச்சு, உன் சாக்ஸ் நாத்தத்துலேர்ந்து தப்பிச்சே" என்று கிண்டல் செய்தார். மூன்றாவது மாதம் அண்ணனின் இடது கால் இழுத்தது. தலைக்குள் கட்டி என்றார்கள். பதினோராவது மாதம் ஆளே இல்லை.

அதனால் பல்லுக்காரர் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் அன்றைக்குச் சொன்னார், சொன்ன நாளிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது என்று அவர் மனசு ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தது. சொல்லாவிட்டால் ஆரம்பிக்காது. அறிவுள்ள மனிதர்தான். ஆனால் பயம் அறிவோடு வாதம் செய்வதில்லை, அதைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறது.

நடிப்பது அவ்வளவு கஷ்டமாகவும் இல்லை. நாக்குக்கு இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு, காரம் தெரிந்தது. மிச்சத்தை ஞாபகம் பார்த்துக்கொண்டது. வாணலியில் வெங்காயம் சிவக்கிறது கண்ணில் பட்டால், "மணம் தெருமுனை வரைக்கும் வருது" என்பார். காபியை உறிஞ்சிவிட்டு, "இன்னிக்குப் புதுத் தூளா?" என்பார். பழகின சாப்பாட்டைச் சாப்பிட மனுஷனுக்கு மூக்கு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை என்று அவர் தெரிந்துகொண்டார். காஸ் குமிழை மட்டும் மூன்று தடவை தொட்டுப் பார்ப்பார். வெளியே போகும்போது பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்து நாலாவது தடவையும் பார்ப்பார்.

இத்தனைக்கும் அவர் மனைவி தபால் நிலையத்தில் பார்சல் கவுண்டரில் இருக்கிறவள். "உள்ளே என்ன இருக்கு?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் அவள் வேலை. புத்தகம் என்று சொல்லிவிட்டு எண்ணெய்ப் பாட்டில் அனுப்புகிறவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள். அவளிடம் பதினான்கு மாதம் தாக்குப் பிடித்துவிட்டார்.

ஆனால் இந்தப் பழத்துக்கு என்ன ஞாபகம் இருக்கிறது? யாரும் தின்றிராத பழம். வெட்டி வைத்து எல்லோரும் அவர் வாயைத்தான் பார்ப்பார்கள். எப்படி இருக்கு என்பார்கள். பொய் சொல்லவும் ஒரு கைப்பிடி வேண்டும். இதில் கைப்பிடியே இல்லை.

காய்கள் முற்றியபோது இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. உருண்டைக் காய் மரத்திலேயே பழுக்கும். நீளக்காயைக் கெட்டியாக இருக்கும்போதே பறித்து, இருட்டில் வைத்துத்தான் பழுக்க வைக்க வேண்டும். மரத்தில் விட்டால் வெளியே அழகாக இருந்துகொண்டே நடுவில் அழுகும். இந்தக் கலப்புக் காய் தாயைக் கொண்டதா, தகப்பனைக் கொண்டதா? ஒன்றைப் பறித்து வெட்டிப் பார்த்தார். விதை கறுக்க ஆரம்பித்திருந்தது. ஐந்தை மரத்தில் விட்டார். மிச்சம் ஐந்தைப் பறித்துக் காகிதத்தில் சுற்றி, பின்னறையில் இருந்த பழைய பீரோவின் கீழ் டிராயரில், குளிர்கால உடுப்புகளுக்கு அடியில் மறைத்து வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. பழுத்ததும் முதலில் தனியாகத் தின்றுபார்த்து, சொல்ல வேண்டிய வார்த்தைகளைத் தயார் செய்துகொள்ள வேண்டும் என்பது அவர் திட்டம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, மனைவி வேலைக்குப் போயிருந்த நேரத்தில், பின்னறைத் தரையில் உட்கார்ந்து ஒரு பழத்தை முழுசாகத் தின்றார். பல்லுக்குக் கீழே நறுக்கென்றது, பிறகு வளைந்து கொடுத்தது. அவர் நினைத்தது அப்படியே வந்திருந்தது. இனிப்பு இருந்தது, சாறு இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எட்டு வருடத்துக் காத்திருப்பு ஈரக் காகிதத்தில் சர்க்கரை தூவியது போல வாய்க்குள் கரைந்தது. அழுகை வந்தது. அதை விழுங்கிவிட்டு வார்த்தைகளைத் தேடினார். ரோஜா என்று வைத்துக்கொண்டார். பேரிக்காயும் ரோஜாவும் ஒரே குடும்பம் என்று எப்போதோ படித்த ஞாபகம். கூடவே கொஞ்சம் ஏலக்காய். யார் மறுக்கப் போகிறார்கள்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பி வந்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். ஆள் வருவதற்கு முன்பே குரல் வந்துவிடும் என்பதால் குடும்பத்தில் அவனுக்கு ஹாரன் என்று பெயர்.

"அத்தான்! பழம் பழுத்தாச்சாமே! எனக்குக் காலையிலேயே மூக்கு வேர்த்துடுச்சு!"

பல்லுக்காரர் வாசலுக்கு வந்தார். சிரிக்கிற மாதிரி வாயை மட்டும் திறந்தார்.

"டேய், வாசல்ல நின்னு தெருவையே கூட்டாதே. உள்ள வா" என்றாள் மனைவி. "உங்க அத்தான் எங்கேயோ ஒளிச்சு வெச்சிருந்து இப்பத்தான் எடுத்துட்டு வந்திருக்கார். இன்னிக்குக் காலை வரைக்கும் எங்கிட்டகூட மூச்சு விடலை."

"உனக்குத் தெரிஞ்சா போஸ்ட்டாபீஸ் பூராவும் தெரிஞ்சிடும்னு பயந்திருப்பார்."

"ஆமா, நீ பெரிய ஊமை."

தட்டில் ஒரு பழத்தை வைத்து வெட்டினார். முதல் துண்டை அவரே எடுத்து மென்று, கண்ணை மூடி, தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னார்.

"நல்ல இனிப்பு. நறுக்குன்னு இருக்கு, ஆனா பல்லுக்கு வளைஞ்சு குடுக்குது. கடைசியில ஒரு வாசனை வருது பாரு… ரோஜாப்பூ மாதிரி. லேசா ஏலக்காயும்."

ஹாரன் பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டான். தாடை இரண்டு தடவை அசைந்தது. முழி பிதுங்கியது. ஓடிப்போய்ப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் துப்பினான்.

"அக்கா, இது பழமா, பழைய கோட்டா? பாச்சை உருண்டை! அத்தான், வீட்டுக்கு வந்தவனைக் கொல்லப் பாக்குறீங்களா?"

மனைவி தன் துண்டை வாய்க்குக் கொண்டுபோகவே இல்லை. மூக்கருகே வந்த கை அங்கேயே நின்றுவிட்டது. அவள் பழத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். கவுண்டரில் பார்க்கிற பார்வை.

"எங்க வெச்சிருந்தீங்க இதை?"

"பீரோவுல… கீழ் டிராயர்ல."

"அங்க ஸ்வெட்டருக்கு நடுவுல நான் ஒரு பை உருண்டை போட்டு வெச்சிருக்கேன். அந்த ரூமுக்குள்ள போனாலே மூக்கைத் துளைக்குது. உங்களுக்குத் தெரியலையா?"

"ரெண்டு நாளாச் சளி…"

"சளி பிடிச்சவன் ஒண்ணும் தெரியலைன்னு சொல்லுவான். ரோஜாப்பூன்னு சொல்ல மாட்டான்."

பல்லுக்காரர் தட்டைத் தள்ளி வைத்தார். அதற்குள் ஹாரனுக்கு வேறு பயம் வந்துவிட்டது.

"எத்தனை தின்னீங்க அத்தான்?"

"நேத்து ஒண்ணு. முழுசா."

"அக்கா, அது விஷம்க்கா! கிளம்புங்க, கிளம்புங்க!"

வாசலில் பள்ளிக்கூட பஸ்தான் நின்றது. நாற்பது சீட்டில் மூன்று பேர் போனார்கள். குழந்தைகளுக்கான தாழ்ந்த இருக்கையில் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்திருந்த பல்லுக்காரருக்கு விஷத்தைப் பற்றிப் பயமே வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வந்த மனைவியைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணைப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார், நிறையக் கேள்வி கேட்டார்.

"உருண்டையை முழுங்கலையே? அந்த நெடி பழத்துல ஏறியிருக்கு. பயப்படுற அளவுக்கு இல்லை. ரெண்டு நாள் சிறுநீர் கறுத்துப் போகுதான்னு மட்டும் பாருங்க." அத்தோடு விடவில்லை. "ஆனா ஒரு முழுப் பழம் தின்னிருக்கீங்க. தின்னும்போது நாத்தம் தெரியலையா?"

அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்க" என்றாள் மனைவி.

"பதினாலு மாசமா வாசனை தெரியலை" என்றார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "எங்க அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. தலையில கட்டி."

எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் பேனா நின்றது. ஒரு கணம்தான். ஆனால் அந்தப் பேனா நின்றதைப் பார்த்தபோது அவருக்கு அண்ணனின் கால் இழுத்தது கண் முன்னால் வந்தது. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் எடுத்தார்கள். படம் பார்த்துச் சொல்ல மூக்கு டாக்டர் வெள்ளிக்கிழமைதான் வருவார்.

அந்த நாட்களைப் பல்லுக்காரர் நகத்தைக் கடித்துக் கடத்தினார். நடக்கும்போது இடது கால் இழுக்கிறதா என்று பார்த்தார். பார்த்துப் பார்த்து நடந்ததில் உண்மையிலேயே கால் தடுமாறியது. அந்த வாரம் அவர் செய்த ஒரு செட்டில் மேல்வரிசை ஓரமாகக் கோணிக்கொண்டது. முப்பத்தைந்து வருடத்தில் நடக்காதது. அந்த மெழுகை மறுபடி உருக்கும்போது, கண்ணும் போகிறதோ என்று ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தார். யோசித்தால், கட்டி தலையில் இருந்ததோ இல்லையோ, அவர் அந்தக் கட்டியோடுதான் பதினான்கு மாதம் குடித்தனம் நடத்தியிருந்தார்.

மனைவி முதல் இரண்டு நாள் பேசவே இல்லை. டிராயரில் மிச்சமிருந்த பழங்களைக் குழி தோண்டிப் புதைத்தாள். துணிகளைத் துவைத்தாள். மூன்றாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டினவள் அப்படியே திரும்பினாள்.

"தினம் நூறு பேர் சொல்ற பொய்யைக் கண்டுபிடிக்கிறேன். வீட்டுல ஒருத்தர் பதினாலு மாசமா உப்பு சரியா இருக்கு, மணம் தூக்குதுன்னு என்னை முட்டாளாக்கியிருக்கார்."

"உப்பு தெரியும். உப்பு விஷயத்துல நான் பொய் சொல்லலை."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

"ஏன் சொல்லலை எங்கிட்ட?"

"சொன்னா ஆரம்பிச்சிடும்னு…"

"சொல்லாம இருந்ததால நின்னுடுச்சா?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை நீளமான ஒரு நடைபாதையில் காத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவை கதவு திறந்தபோதும் அவர் பாதி எழுந்து பாதியில் உட்கார்ந்தார். மூக்கு டாக்டர் வயதானவர், அவசரமே இல்லாதவர். படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டுக் கண்ணாடியைத் தேடினார். அது சட்டைப் பையிலேயே இருந்தது. அந்த அரை நிமிடத்தில் பல்லுக்காரர் ஒரு தடவை செத்துப் பிழைத்தார். டாக்டரின் விரல் படத்தின் மேல்பக்கம் போகுமா, கீழ்ப்பக்கம் போகுமா என்பதிலேயே அவர் உயிர் தொங்கியது.

விரல் கீழே போனது.

"இங்க பாருங்க. மூக்குக்குள்ள ரெண்டு பக்கமும் சதை வளர்ந்து அடைச்சிருக்கு. திராட்சைக் கொத்து மாதிரி."

"மேல?"

"மேல ஒண்ணும் இல்லை. சுத்தமா இருக்கு."

"நல்லாப் பாத்தீங்களா டாக்டர்?"

"இது உங்க அண்ணன் படம் இல்லை, உங்க படம்" என்றார் டாக்டர். ஸ்கேன் எழுதிக் கொடுத்த பெண் டாக்டர் குறிப்பில் எல்லாம் எழுதியிருந்தார் போல.

"அப்ப வாசனை திரும்ப வருமா?" என்று கேட்டது மனைவி.

"சதையை எடுத்துட்டா வரலாம். வராமலும் போகலாம். ஆரம்பத்துலயே வந்திருந்தா தைரியமாச் சொல்லியிருப்பேன். ரொம்ப நாள் விட்டுட்டீங்களே."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் மனைவிக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. இத்தனை நாள் அதை எங்கே வைத்திருந்தாளோ. அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். உயிர் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் பயம் ஒரே நாளில் வீட்டைக் காலி செய்கிற ஆள் இல்லை. கட்டி இருந்த இடத்தில் இப்போது கத்தி வந்து உட்கார்ந்துகொண்டது. புதன்கிழமை ஆபரேஷன். வாயை மூடிக்கொண்டு அவர் தொலைத்த மாதங்கள் ஒருவேளை மூக்கையே கொண்டுபோயிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி உடை மாற்றாமலே பின்பக்கம் போனாள். மரத்தில் விட்ட ஐந்தில் ஒன்று கீழே விழுந்து சிதறியிருந்தது. இன்னொன்றைப் பறித்து வந்து கழுவி வெட்டினாள். நடுவில் லேசாகப் பழுப்பு ஓடியிருந்தது. தாயையும் கொள்ளாமல், தகப்பனையும் கொள்ளாமல், ஒரு வாரம் முந்திப் பறித்திருக்க வேண்டிய பழம். பழுப்பைச் சீவிவிட்டு ஒரு துண்டை அவரிடம் நீட்டினாள்.

தின்றார். "எனக்கு இனிப்பு மட்டும்தான் தெரியுது" என்றார்.

அவள் ஒரு துண்டைத் தின்றாள். மெதுவாக, கவுண்டரில் பார்சலைத் தூக்கி எடை பார்க்கிற நிதானத்தோடு.

"சுமார்தான்" என்றாள். "தோல் தடிப்பு. கொஞ்சம் தண்ணியா இருக்கு. கடிக்க நல்லா இருக்கு."

எட்டு வருடத்துக்குச் சுமார். அவருக்கு வலிக்கவில்லை.

"வாசனை?"

அவள் மிச்சத் துண்டை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினாள். வெகுநேரம் முகர்ந்தாள்.

"இருக்கு."

"எப்படி?"

இன்னொரு தடவை முகர்ந்தாள். வார்த்தை தேடுகிறவளின் நெற்றி சுருங்கியது. "சொல்லத் தெரியலைங்க. பேரிக்காய் மாதிரி இருக்கு."

அவர் இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"புதன்கிழமையை நினைச்சா பயமா இருக்கு" என்றார்.

"எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு, அவள் மிச்சப் பழத்தையும் இரண்டாக வெட்டினாள்.